பழைய எம்.ஜி.பி வாங்கப் போகிறவர்களுக்கு: எஞ்சின் ஆறட்டும்

கடைசியில் எம்.ஜி.பி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பார்க்கப் போன வண்டியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பணம் கொடுத்து வாங்கிய பரிசோதனை அறிக்கையில் ‘அடிப்பாகம் உறுதி’ என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றவே இல்லை என்பது அவ்வளவு தூரம் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

போனதும் பானெட் மீது கை வைத்தேன். சுட்டது. “நீங்கள் வருகிறீர்களே என்று சற்று ஓட்டி வைத்தேன்” என்றார் உரிமையாளர். பழைய எஞ்சினின் கோளாறுகளில் பல, இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் நிமிடத்தில்தான் வெளியே தெரியும். வால்வுகள் ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால் குப்பென்று நீலப் புகை வரும். பேட்டரியின் சோர்வும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கின் கோளாறும் அப்போதே பிடிபடும். சூடேற்றி வைத்த வண்டியில் இவை எதுவும் கண்ணில் படாது. எனவே “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் சூடாக இருந்தால் ஆறும்வரை அங்கேயே நில்லுங்கள்.

அந்த நேரத்தில் அடியில் படுத்துப் பார்க்கலாம். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி எதற்கும் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாரத்தைத் தாங்குவது பாடியேதான். அதிலும் கூரை திறக்கும் மாடலில், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகடுகளான ‘சில்’கள் போனால் வண்டியே போனது மாதிரி. அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைச் சில் மீது நகர்த்தினேன். பின்சக்கரத்தை நெருங்கியதும் பிடிமானம் விட்டு நழுவி விழுந்தது. அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடிப் பூசிய பட்டிதான் இருந்தது. கீழே புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைக் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே வாங்கியது. பக்கவாட்டில் ஜாக்கி வைத்து ஏற்றியதும் கதவைச் சுற்றிய இடைவெளி மாறி, திறந்த கதவு மீண்டும் மூட மறுத்தது. “பழைய வண்டி என்றால் அப்படித்தான்” என்றார் அவர். இல்லை, சில் நன்றாக இருக்கும் வண்டியில் கதவு அப்படிச் சிக்காது. பேரம் பேசாமல் திரும்பிவிட்டேன். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. துருவை வெட்டி வெல்டிங் செய்யும் வேலை எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது என்னிடம் இருக்கும் வண்டியின் உரிமையாளர் எஞ்சினைத் தொடாமல் வைத்திருந்தார். ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. நன்றாகச் சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் மீட்டரைக் கவனித்தேன். ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் நின்றது. ஐடிலில் 20க்குக் கீழே இறங்கவில்லை. 1798 சிசி எஞ்சினுக்கு அது போதும்.

முன்சக்கரத்தில் மட்டும் ஆட்டம் தெரிந்தது. “பேரிங்தான், சிறிய வேலை” என்றார். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். நண்பர் பிரேக்கை மிதித்தார். பேரிங் என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்தான் தேய்ந்திருந்தது! இந்த வண்டியில் ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் அடிப்பதற்கான 3 நிப்பிள்கள் உண்டு. கிரீஸ் அடிக்காமல் ஓட்டினால் கிங்பின் தேய்வது நிச்சயம். அவர் மறுக்காமல் விலையைக் குறைத்தார். நேர்மையான மனிதர்.

ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால், பழைய ரப்பர் பிரேக் குழாய் உள்ளே உப்பி பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். குழாயைக் குறைந்த செலவில் மாற்றலாம். கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. எம்.ஜி.பி-யில் கியர்பாக்ஸை மட்டும் தனியாக இறக்க வழியில்லை, எஞ்சினும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். அதனால்தான், என் வண்டியில் கியர்பாக்ஸோடு சேர்ந்து எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. ஒரு மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில் “கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்” என்றார். நான் டெஸ்ட் விளக்கை எடுத்து, ஸ்விட்சிலிருந்து, ஓவர்டிரைவை மின்சாரத்தால் இயக்கும் சாலினாய்டுவரை மின்சாரம் எங்கே அறுபடுகிறது என்று தேடினேன். பச்சைப் பாசி போலக் களிம்பு பிடித்த ஒரு வயர் இணைப்புதான் காரணம். உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். அடுத்த ஓட்டத்தில் நான்காவது கியரில் ஸ்விட்சைத் தட்டியதும் ஆர்.பி.எம் முள் சட்டென்று இறங்கியது.