அழகுக்கு மட்டுமல்ல

எடை குறைந்த பிறகு தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை எனக்கு முடிந்திருக்கிறது. வயிற்றில் கசியும் நீரை வெளியேற்றும் ட்ரெய்ன் குழாயின் குமிழைக் கழற்றி, அதிலிருந்ததை அளவுக் கோப்பையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் அக்கா.

"25 மில்லிதான்டி!"

24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். சிவப்பு போய் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தையல் இழுபடக் கூடாதென்று இன்னும் குனிந்துதான் நடக்கிறேன். இறுக்கு உடை வேறு.

"எடைதான் குறைஞ்சாச்சே, இது அழகுக்குத்தானே?" என்கிறார்கள்.

வருடக்கணக்கில் விரிந்த தோல் உடற்பயிற்சியால் சுருங்காது. மடிப்புக்குள் வியர்த்து, பூஞ்சை பிடித்து, புண்ணாகும். கோடையில் அந்த எரிச்சலோடு தூங்காமல் கிடந்தவர்களுக்குத் தெரியும். இதை வெறும் அழகு சிகிச்சை என்று சொல்லிக் காப்பீடு தராமல் தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.