பேங்க் என்ற திண்ணை

காரைக்குடிப் பக்கத்தில் எழுத்தறியாத ஆச்சிகளுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ‘பேங்க்’. பணம் போட்டு எடுக்கும் இடத்தைக் குறிக்கும் இச்சொல் ஆங்கிலத்தில் ஆற்றங்கரையையும் குறிக்கிறது. அகராதிகள் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பதிகின்றன. ஆனால் வேரைத் தேடிப் போனால் இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

அந்த வேர் பழைய ஜெர்மானிய மொழியினுடையது. மேடாக எழும்பிய இடம், உட்காரும் பலகை என்ற இரு பொருளுக்கும் அதுவே மூலம். ஸ்காண்டிநேவியர் வழியாக வந்த கிளை ஆங்கிலத்தில் கரையாயிற்று. இத்தாலிக்குப் போன கிளை, நாணயம் மாற்றுவோர் கடை விரித்த பலகைக்குப் பெயராகி, பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சும் நீதிபதிகளின் பெஞ்சும் இதே குடும்பம்தான்.

மேடும் இருக்கையும் எப்படி ஒரே சொல்லாகும் என்று செட்டிநாட்டில் பிறந்தவர் கேட்கமாட்டார். எங்கள் வீட்டு முகப்புத் திண்ணை இரண்டுமே அல்லவா? அதில் பாய் விரித்து, சாய்வான மூடியுள்ள மரப்பெட்டியை முன்னால் வைத்து, மூடியின் மேல் பேரேட்டைப் பரப்பிக் கணக்குப்பிள்ளை எழுதுவார். பணமும் சாவியும் பெட்டிக்குள் இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நகரத்தார் என்ற செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய கிட்டங்கிகளில், அதாவது தொழிற்கூடங்களில், ஒரே கூடத்தில் பல விலாசங்களுக்கு, அதாவது நிறுவனங்களுக்கு, இப்படித் தனித்தனி இடம் இருந்தது. அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். இத்தாலியர் பலகையின் பெயரால் தொழிலை அழைத்ததைப் போலவே நம்மவர் பெட்டியின் பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

திவாலைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ என்பதற்கு இத்தாலிய மூலத்தில் உடைந்த பலகை என்று பொருள். கடன் கொடுத்தவர்கள் வந்து பலகையை உடைத்தார்கள் என்று கதை சொல்வார்கள்; உடைந்தது வியாபாரம்தான், பலகையன்று என்றே நான் கருதுகிறேன். நம்மூரில் அதற்கு மஞ்சள் கடுதாசி.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அதே 1937-இல்தான் சிகாகோ மருத்துவர் பெர்னார்ட் ஃபாண்டஸ், ரத்தத்தைச் சேமித்து வைத்து வேண்டியபோது எடுக்கும் ஏற்பாட்டுக்கு ‘பிளட் பேங்க்’ என்று பெயரிட்டார். ‘வோட் பேங்க்’ என்ற தொடர் இந்தியாவின் கொடை. 1950-களில் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் எழுத்தில் பிறந்தது.

ரத்த வங்கி, வாக்கு வங்கி, விதை வங்கி என்று பலகைக் கிளையின் பொருள்கள் எல்லாம் தமிழிலும் ‘வங்கி’யோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. மேட்டுக் கிளை அப்படி வரவில்லை. திரும்புகையில் விமானம் ஒருபுறம் சாய்வதையும், அடுப்புத் தணல் அணையாதிருக்கச் சாம்பலைக் குவித்து மூடுவதையும் ஆங்கிலம் ‘பேங்க்’ என்றே சொல்லும்; தமிழில் ஒன்றைச் சாய்தல் என்கிறோம், மற்றதைச் சாம்பலால் மூடுதல் என்கிறோம்.