பழைய பித்தளை: விரிசல், சிவப்புத் திட்டு, சிக்கிய மரை

பரணிலிருந்து இறக்கிய பித்தளையில் உடனே புளியை வைத்துத் தேய்க்க வேண்டாம். முதலில் வார்ப்பு தனி, தகடு தனியாகப் பிரியுங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வண்டல் மண் அச்சில் வார்த்தது. குடம், தவலையெல்லாம் தகட்டைத் தட்டி இழுத்தவை. இரண்டும் கெடுகிற விதம் வேறு.

தகட்டுக்கு எமன் விரிசல்தான். தட்டிய இடத்தில் உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடும். அதன்மேல் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், அடியே படாமல் கழுத்தோரம் பிளக்கும். டெல்டா வீடுகளில் இதற்குத் தோதான இடம் நிறைய: மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறை, யூரியா மூட்டை அடுக்கிய மூலை, வெளியே ஐப்பசி அடைமழை. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளும் இப்படித்தான் மழைக்காலத்தில் விரிசல் விட்டன. குதிரை லாயத்து மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல் தெளிவானது. பித்தளை பாலிஷ் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறினால் தகட்டுப் பாத்திரத்துக்கு அது ஆகாது.

விரலால் சுண்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் சந்தேகப்படுங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே விபூதியை மெல்லியதாகத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து விபூதியில் ஈரக்கோடு விழும். கோட்டின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. பிறகு வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டலாம்.

விரிசல் இல்லாததை ஓடிஜி (கேக் சுடும் மின்) அடுப்பில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இழுவிசை பெருமளவு தணியும். நிறம் மங்கும், தேய்த்தால் வந்துவிடும். ஈயம் பூசிய பாத்திரத்தை மட்டும் வைக்கவே கூடாது. அந்தப் பூச்சான வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

சிவப்புத் திட்டு இரண்டு வகை. புளியில் இரவெல்லாம் ஊறவைத்ததால் வந்தது மேலோடு போகும். உப்புத் தண்ணீர் பட்டுத் துத்தநாகம் கரைந்து போனதால் வந்தது சொரசொரப்பாக, ஊசியால் கீறினால் பொடியாக உதிரும். அதைத் தேய்த்துப் பயனில்லை. பொதுவாக அழுக்கெடுக்க ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு சமையல் சோடாத் தண்ணீரில் அலசி உடனே துடைத்துவிடுங்கள்.

குத்துவிளக்கில் தொல்லை, துண்டுகளைத் திருகிப் பூட்டும் மரைதான். பல வருட எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா போட்ட கொதிநீரில் அரைமணி ஊறவையுங்கள் (அலுமினிய அண்டா வேண்டாம், சோடா அதை அரிக்கும்). அப்புறம் வெளிப்பக்கத் துண்டை மட்டும் சூடாக்குங்கள். இரண்டும் பித்தளை என்பதால் சேர்த்துச் சூடாக்கினால் சேர்ந்தே விரியும், பிடி தளராது. சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கையால் திருகினால் போதும். பைப் ரெஞ்சு போட்டால் தண்டின் கடைசல் வளையத்தில் பல் பதிந்துவிடும். மறுபடி பூட்டும்போது மரையில் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் தேன்மெழுகு.