மூன்று குழாய்ப் பாலம்

ஆகஸ்ட் 6, 2025, புதன்

மிளகாய்த்தூள் மடிக்கப் பேப்பரைக் கிழிக்கப் போனவள், நம் ஊர்ப் பெயரைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். கரட்டுப் பக்கம் மூன்று கல்குவாரிகள், ஒட்டி ஒட்டி. மூன்றும் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டுவதால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டுமாம். செப்டம்பர் 10 என்று போட்டிருக்கிறது. குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் உள்ள விதி. தந்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மில்லைப் பூட்டிவிட்டுப் புதுக்கோட்டை போனேன். கலெக்டர் ஆபீசில் குவாரிகளின் சுற்றுச்சூழல் அறிக்கைச் சுருக்கம் தமிழில் கொடுத்தார்கள். படிக்கப் படிக்கத் தமிழ்தானா என்று சந்தேகம் வந்தது, அது வேறு கதை.

ஒரு நாளைக்கு 30 நடை என்று எழுதியிருக்கிறார்கள். லோடு ஏற்றிக்கொண்டு போன 30 டிப்பரும் காலியாகத் திரும்பி வர வேண்டாமா? ஆக என் வாசலில் 60. எட்டு மணி நேர வேலை என்றால் எட்டு நிமிடத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விடும் நேரமும் அதற்குள்தான்.

தண்ணீருக்கு ஒரே ஒரு பத்தி. குவாரியைச் சுற்றி வடிகால் வெட்டி, தொட்டியில் வண்டலைத் தேக்கி, தெளிந்த நீரை வெளியே விடுவார்களாம். வரைபடத்தில் நீல அம்புக்குறி அழகாகச் சுற்றி வந்து, எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் தண்ணீர் எங்கே போகும்? ஓடை என்ற சொல்லையே காணோம். இரண்டு தரம் தேடினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சின்னவன் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். அவனை வைத்து ரோட்டை அளந்தேன். தார் 3.75 மீட்டர், பன்னிரண்டே கால் அடி. டிப்பர் ஒன்று எட்டடிக்கு மேல் அகலம். எதிரும் புதிரும் வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். மில்லுக்கு அந்தப் பக்கம் மண்ணும் இல்லை, ஓடைப் பாலம்தான். மூன்று சிமெண்ட் குழாய், மேலே தார், கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் போய்ப் பல வருஷமாகிறது.

பத்துச் சக்கர டிப்பர் லோடோடு 28.5 டன் வரை போகலாமாம். 2018க்கு முன்னால் 25 டன். அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுத் தேய்மானம் பதினாறு மடங்காகும், 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ரோடு போட்டு, லாரி ஓட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு என்றான். எனக்குப் பதினாறு மடங்கு பிடிபடவில்லை. இவர் டி.வி.எஸ். எக்செல்லில் ரெண்டு மூட்டை நெல்லோடு தடுமாறி வரும் அந்தப் பாலம்தான் கண்முன் நின்றது.

வீட்டுக்கும் குவாரிக்கும் 300 மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக்கும் டிப்பருக்கும் எத்தனை? என் மில் வாசலில் நாலடி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. தலைவர் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டதால் தனி அலுவலர் ஆட்சி. ஆபீசரை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது? தீர்மானம் எழுதுங்கள் என்றோம், எழுதினார்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. கொழுந்தனார் மகன் வேறு குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான். "உள்ளூர்லயே வேலை கெடைச்சா நல்லதுதானே சித்தி" என்றான். தப்பில்லை. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா, மெதுவாக ஓட்டினால் அவனுக்குத்தான் நஷ்டம். மில்லுக்குத் தளம் போட்டபோது நானும் முக்கால் ஜல்லி ரெண்டு யூனிட் இறக்கியவள்தான்.

இவர் ராத்திரி, "மனு எழுது, வேண்டாம்னு சொல்லல. தனியா போகாதே" என்றார். காரணம் கேட்கவில்லை. ஜனவரி 17ஆம் தேதி திருமயம் பக்கம் ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். குவாரி முறைகேட்டைப் பற்றிப் புகார் கொடுத்தவர். குவாரிக்காரர்கள் கைதானார்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி மாமாவோடு கரட்டிலிருந்து கண்மாய் வரை நடந்தேன். எழுபது தாண்டியவர், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பாறையில் மழைத்தண்ணீர் ஓடி வெளுத்த கோடுகளைக் கம்பால் தொட்டுக் காட்டினார். "இது பெரிய வாரி, இது சின்ன வாரி. ரெண்டும் உடைமரத்துக்கிட்ட கூடும் தாயி. அங்கேருந்துதான் ஓடை." இரண்டு வாரியும் குவாரிக்குக் கேட்கிற இடத்துக்குள்ளேதான் பிறக்கின்றன.

வீட்டுக்கு வந்து செல்போனில் அ-பதிவேடு, அதாவது ஊர் நிலக் கணக்கு, எடுத்தேன். 'ஓடை புறம்போக்கு' என்று தெளிவாக இருக்கிறது. வாரிகளுக்கு மாமாதான் பதிவேடு.

சின்னவன் கணக்குப் போட்டான். 5 ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 50 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் 400க்கு மேல். மாமாவுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. "தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் சமாளிச்சிரலாம். கல்லுப்பொடி வந்து மடையில படிஞ்சா, அதைக் கரம்பை வண்டல்னு வயலுக்கு அடிக்க முடியுமா?"

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் முக்கால் மணி நேரம் மழை. பாலத்துக்கு ஓடினோம். ஒரு குழாயில்தான் தண்ணீர் வந்தது. ஒன்றில் கசிவு, மூன்றாவதில் ஒன்றுமில்லை. மீதி ரோட்டின் மேலேறி மில் படி வரை வந்துவிட்டுப் போயிற்று. வீடியோ எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

கல்யாண மண்டபம். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், முன்வரிசையில் யாருக்கும் தெரியாத இருபது பேர், கேட்காமலே கைதட்டினார்கள். எல்லாம் வீடியோவில் பதிவானது.

என் முறை வந்தபோது எழுதிக்கொண்டு போனதை விட்டுவிட்டேன். ரெண்டே கேள்வி. அம்புக்குறி எல்லைக்கல்லைத் தாண்டி எங்கே போகிறது? பாலத்துக்கு மேலே 60 டிப்பரும் கீழே அந்தத் தண்ணீரும் போகும் என்று பாலத்தைப் பார்த்து யார் சொன்னது? அறிக்கை எழுதிய கம்பெனிக்காரர் இளைஞர், பாவம், வியர்த்துவிட்டது. "சேர்த்துக்கொள்கிறோம் மேடம்" என்றார்.

மாமா மைக்கைக் கையில் வாங்கவே இல்லை. வாரி ரெண்டையும் வாயாலேயே சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்டது. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்கள். ஓடை இருந்தது, வாரி இல்லை. எழுந்து சொன்னேன். பேனாவால் இடையில் செருகி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முடிவு சென்னையில்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் குழாயைத் தூர் எடுத்துவிடுவோம் என்று ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு இறங்கினோம். டிப்பர் ஓட்டுகிற பிள்ளையும் வந்தான். மூன்றாவது குழாயை அடைத்திருந்தது மண் மட்டுமில்லை. ரோடு போட்டபோது மிச்சமாகி, உள்ளே தள்ளிவிட்டுப் போன ஜல்லி. பத்துப் பன்னிரண்டு சட்டி வந்தது. மாமா அதை வீணாக்க வேண்டாம் என்று என் மில் வாசல் பள்ளத்தில் கொட்டச் சொன்னார்.