எப்போது தெரியும்?

"அப்பா டிரஸ்ட் எழுதி வச்சது உங்களுக்கு எப்போம்மா தெரியும்?"

"என் பொண்ணு வளைகாப்பன்னிக்கு அப்பாவே சொன்னாரு தம்பி. பேரனுக்கு இப்ப நாலு வயசு."

பேனாவை மூடிவிட்டேன். ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டம், 59ஆவது கூறில், மூன்று வருடம்தான் தருகிறது. ரத்துக்குக் காரணமான விவரங்கள் தெரிந்த நாளிலிருந்து. இதை அந்த அம்மாவிடம் விளக்கினேன். கட்சிக்காரருக்குச் சட்டத்தைச் சொல்வது என் வேலைதானே?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "போன வருஷம் வில்லங்கம் போட்டப்பதான் தெரிஞ்சதுன்னு வச்சுக்கலாமா தம்பி?" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிராதில், அதாவது வழக்கு மனுவில், வியாஜ்ய மூலம் (வழக்குப் போடக் காரணம்) எழுந்த நாளாக அதையே எழுதினேன். வளைகாப்பு பற்றி ஒரு வரி இல்லை.

அது பொய்யா? அப்பா கட்டிலில் படுத்தபடி சொன்னது, "எல்லாத்தையும் அண்ணன் பொறுப்புல எழுதி வச்சிருக்கேன்" என்று மட்டும்தான். பயன் முழுவதும் அண்ணன் பிள்ளைகளுக்கே, சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைத்துப் பதிந்தது, சாட்சிகள் இருவரும் அண்ணனிடம் சம்பளம் வாங்குபவர்கள் என்பதெல்லாம் நகல் கைக்கு வந்த பிறகே தெரிந்தது. பத்திரம் இருப்பது தெரிவது வேறு, அதில் நடந்த தவறு தெரிவது வேறு. நல்ல வாதம்தான். ஆனால் பிராது போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் இது எனக்குத் தோன்றியது. அன்றே தோன்றியிருந்தால் வளைகாப்பையும் எழுதிவிட்டே வாதாடியிருப்பேன்.

இத்தனைக்கும் வழக்கில் பலம் இருந்தது. ஒருவரின் பராமரிப்பில் கிடப்பவரிடம் எழுதி வாங்கிய பத்திரம் பார்த்தாலே நியாயமில்லாமல் இருந்தால், தகாத செல்வாக்கு செலுத்தவில்லை என்று நிரூபிக்கும் பாரம் எழுதி வாங்கியவர் மேல். ஒப்பந்தச் சட்டம் 16ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்த அண்ணன்தான் அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார் என்பதும் உண்மை. இதையும் அந்த அம்மாதான் என்னிடம் சொன்னார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என் அதே கேள்வியைக் கேட்டார். கூண்டிலிருந்து அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"வில்லங்கம் போட்டப்பதான்."

வராந்தாவுக்கு வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரியாச் சொன்னேனா தம்பி?"