சிவப்பு மையில் சுழித்த சொற்கள்

1988ஆம் ஆண்டு ஜூன் மாதம், கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில் கேரள எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்த ஒரு பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். நான் மாவட்டத்தின் கிழக்கே உள்ள தோவாளை வட்டத்தில் பிறந்து நாகர்கோவிலில் படித்தவன். ஆகவே, இந்த மேற்குப் பகுதிக் குழந்தைகளின் பேச்சிலுள்ள மலையாளக் கலப்பை நீக்கி நல்ல தமிழைக் கற்பிப்பதே என் கடமை என்று மனதார நம்பினேன். அதை ஒரு நம்பிக்கை என்றுகூட அன்று நான் எண்ணவில்லை. யாவரும் அறிந்த உண்மை என்றே எண்ணியிருந்தேன்.

சேர்ந்த சில வாரங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலையில் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன் முக்கால் பக்கம் எழுதியிருந்தான். அம்மை விளித்தாள், நான் உறங்கிக் கிடந்தேன், பிறகு வெள்ளம் எடுக்கப் போனேன், தாக்கோலைக் காணவில்லை என்று அந்தக் காலை நேரம் முழுவதும் அதில் இருந்தது. நான் சிவப்பு மையால் ‘விளித்தாள்’, ‘உறங்கி’, ‘வெள்ளம்’, ‘தாக்கோல்’ ஆகிய நான்கு சொற்களையும் சுழித்து, மேலே ‘கூப்பிட்டாள்’, ‘தூங்கி’, ‘தண்ணீர்’, ‘சாவி’ என்று எழுதினேன். பக்கத்தின் அடியில் ‘மலையாளம் கலக்காமல் எழுதுக’ என்று ஒரு குறிப்பும் இட்டேன்.

அதன் பிறகு அவன் முக்கால் பக்கம் எழுதவே இல்லை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பாடநூலில் உள்ள வாக்கியங்களில் நான்கைந்தை எடுத்து எழுதிக் கொடுப்பான். அவற்றில் பிழையிராது, அவனும் இரான். ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் இதை முன்னேற்றம் என்றே நான் கருதி வந்தேன் என்பதை இன்று எழுதும்போதும் மனம் வலிக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், உதடு அசையும், சொல் வராது. விடை தெரியாததால் அல்ல. தெரிந்த விடை எந்தச் சொல்லில் வர வேண்டும் என்று தெரியாததால்தான் அந்த மௌனம் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

புரிய வைத்தவர் அவனுடைய பாட்டி. அரையாண்டுத் தேர்வு முடிந்து நோட்டை வாங்க வந்தவர், பேரனைக் கொண்டு என் குறிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கோபமே இல்லாத குரலில், “தமிழ்நாட்டோட சேரணும்னு கொடி பிடிச்சிட்டுப் போன ஆளு சாரே எனக்க அப்பன். நாங்க பேசுறது தமிழில்லேன்னா, பின்னே என்ன பாஷைக்கு சாரே அவிய எல்லாம் அடி கொண்டது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது என்பதையும், மார்ஷல் நேசமணி முதலியோரின் போராட்டத்தின் பயனாக 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின என்பதையும் நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் போராட்டத்தில் முழங்கியவர்கள் எந்தத் தமிழில் பேசியிருப்பார்கள் என்று ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை. குண்டு பாய்ந்த அந்த இரண்டு ஊர்களும் அன்று விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தவை. ‘வெள்ளம்’ என்றும் ‘எனக்க’ என்றும் பேசிய வாய்களே தமிழ்நாடு வேண்டும் என்று கேட்டன. அவர்களுடைய பேரனின் நோட்டில்தான் நான் அவ்வாறு எழுதினேன்.

இதற்கு மறுபக்கமாக ஒன்று மதுரையில் நடந்தது. ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் தங்கியிருந்தபோது, முதல் நாள் இரவே “நேரமாயிற்று, உறங்கப் போகிறேன்” என்றேன். உடனிருந்த ஆசிரியர்கள் சிரித்துவிட்டு, “நீங்கள் மலையாளியா, சார்?” என்று அன்பாகவே கேட்டார்கள். ‘உறங்கு வதுபோலுஞ் சாக்காடு’ என்ற குறளை அவர்களும் வகுப்பில் நடத்தியவர்கள்தாம். தோவாளைக்காரனாகிய நான் விளவங்கோட்டுச் சிறுவனை எந்த இடத்தில் வைத்தேனோ, அதே இடத்தில் மதுரை என்னை வைத்தது. ஒருவருடைய பேச்சு ‘கலப்பு’ ஆவது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை அன்று இரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பின், நான் சுழித்த நான்கு சொற்களையும் அகராதியில் தேடினேன். ‘விளி’ என்ற சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று பெயர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. தாக்கோல் என்பது தாழ்க்கோல். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்பதில் வரும் தாழ்தான் அது. அதற்கு மாற்றாக நான் எழுதிக் கொடுத்த ‘சாவி’ போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த சொல். தமிழ்ச் சொல்லை அடித்துவிட்டு, வந்தேறிய சொல்லை நல்ல தமிழ் என்று கற்பித்திருக்கிறேன்.

இந்தக் கண்டுபிடிப்பு சில காலம் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. பிறகு அதிலும் ஒரு குறை தென்பட்டது. தொல்காப்பியத்தில் இருப்பதால்தான் ஒரு குழந்தையின் சொல் மதிப்புப் பெறும் என்றால், நாற்காலியைக் கசேரை என்று சொல்லும் குழந்தைக்கு நான் எந்தச் சான்றைக் காட்டுவேன்? பழமையைக் காட்டிச் சொல்லைக் காப்பாற்றுவதும் தூய்மையைக் காட்டிச் சொல்லை அடிப்பதும் ஒரே நம்பிக்கையின் இரு கைகள் என்று தோன்றியது. அந்தக் குழந்தையின் வீட்டில் அது வழங்குகிறது, அதைக் கேட்ட அனைவருக்கும் புரிகிறது என்பதே ஓர் ஆசிரியருக்குப் போதிய காரணம் அல்லவா?

ஆகவே சிவப்பு மையை விட்டுவிட்டு ஒரு பெரிய நோட்டை வாங்கினேன். இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் பாடநூல் சொல், அடியில் சொல்லைக் கொண்டுவந்த பிள்ளையின் ஊர். இடப்பக்கத்தைப் பிள்ளைகள் எழுதுவார்கள், வலப்பக்கத்தை எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். பாடநூல் தமிழைக் கைவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. தேர்வும் விண்ணப்பமும் செய்தித்தாளும் அந்தத் தமிழில்தான் இருக்கின்றன. அதை மறுப்பது ஏழைப் பிள்ளைக்கு நாம் செய்யும் துரோகம். ஆனால், ‘நீ பேசுவது தவறு’ என்று தொடங்கி அதைக் கற்பிப்பதற்கும், ‘நீ இப்படிச் சொல்கிறாய், புத்தகம் இப்படிச் சொல்கிறது’ என்று தொடங்குவதற்கும் இடையே ஒரு குழந்தையின் வாய் திறப்பதும் மூடுவதும் இருக்கிறது. அந்தச் சிறுவன் நோட்டில் முதலில் எழுதிய சொல் ‘மரச்சீனி’, அதாவது மரவள்ளிக் கிழங்கு. அதைச் சொல்லும்போது அவன் குரல் வகுப்பின் கடைசி வரிசை வரை கேட்டது.

பிற்காலத்தில் கடற்கரைப் பள்ளி ஒன்றிலும் இதையே கண்டேன். மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயர் என்ன என்ற கேள்விக்கு ஒரு மீனவர் வீட்டுப் பெண் ‘கச்சான்’ என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் ‘கோடை’ என்று இருந்ததால் உடன் பணியாற்றியவர் மதிப்பெண் தரவில்லை. அந்தக் காற்றை நம்பியும் அஞ்சியும் கடலுக்குப் போகிறவருடைய மகள் அவள்.

தலைமையாசிரியர் ஆன பிறகு என்னைத் தயங்க வைத்தது சேர்க்கைப் பதிவேட்டின் ‘தாய்மொழி’ என்ற கட்டம். வீட்டில் மலையாளம் பேசுகிற ஒரு தந்தை, பிற்காலத்தில் பிள்ளைக்கு ஏதேனும் இடையூறு வரும் என்று அஞ்சி, “தமிழ்னே எழுதுங்க சாரே” என்று கேட்டுக்கொண்டார். தாய் தமிழும் தந்தை மலையாளமும் பேசும் வீடுகள் இங்கு அரிதல்ல; அந்தக் கட்டமோ ஒரே சொல்லைத்தான் ஏற்கும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று கூறும் அரசியலமைப்பின் 350அ பிரிவு நடைமுறைக்கு வந்ததும், எங்கள் மாவட்டம் பிறந்ததும் 1956 நவம்பர் 1 என்ற ஒரே நாளில்தான். ஆனால் அந்த உரிமை, பெற்றோர் அஞ்சாமல் தம் மொழியின் பெயரைச் சொன்னால்தான் பள்ளி வாசலுக்கே வந்து சேரும்.

பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது நான் அதை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். தமிழ்நாட்டில் வாழப்போகிற பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து, 2015-16இல் அது பத்தாம் வகுப்பை எட்டியது. அந்த ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: வீட்டு மொழியை மதித்த ஆசிரியரிடம் மலையாளம் பேசும் பிள்ளைகள் தமிழை விரைவாகவே கற்றனர், இரண்டு எழுத்துகளையும் அருகருகே எழுதி ஒப்பிட்டு விளையாடவும் செய்தனர். வீட்டு மொழியைக் குறையாக எண்ணிய ஆசிரியரிடம் அதே பிள்ளைகள், அன்று என் வகுப்புச் சிறுவனைப் போலவே, பாடநூல் வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டனர். இந்த வேறுபாடு சட்டத்தில் இல்லை, வகுப்பறையில்தான் இருந்தது.

ஆங்கில வழிப் பிரிவுகள் அரசுப் பள்ளிகளுக்கு வந்த காலத்தில் இதே பெற்றோர், தமிழா மலையாளமா என்ற பேச்சையே விட்டுவிட்டு ஆங்கில வழியைக் கேட்டனர். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். சிலர் கேட்டனர், பலர் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒருமுறை முதலில் பணியாற்றிய பள்ளிக்குப் போயிருந்தேன். அந்தச் சொல் நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருப்பதாகவும், பழையவை அலமாரியில் இருப்பதாகவும் இளம் தலைமையாசிரியை சொன்னார். அலமாரி பூட்டியிருந்தது. அவர் வாசலில் நின்ற ஒரு சிறுமியை அழைத்தார்.

“மக்களே, டீச்சருக்க மேசையில தாக்கோல் இருக்கு, எடுத்துட்டு வா.”