740 கிலோ உப்பு

பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். சொந்தக்காரர் யாராவது அதை எனக்கு அனுப்பி, "இது உன் வேலைதானப்பா?" என்று கேட்பார். என் வேலைதான். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டிலை என்சைமால் உடைத்து அதன் மூலப்பொருளைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறோம். சோதனைக்குழாயில் நடந்ததை டிரம் அளவில் நடத்திக் காட்டுவது என் பங்கு. ஆனால் எந்த பாக்டீரியாவும் என் கண்ணில் பட்டதில்லை, அதெல்லாம் மாடியில் இருக்கும் மாலிக்யூலர் பயாலஜிக்காரர்கள் பாடு. கீழே எனக்கு வந்து சேருவது கேனில் ஒரு பழுப்புத் திரவம், அவ்வளவுதான்.

அந்த பாக்டீரியாவின் கதை நல்ல கதைதான். ஜப்பானின் சகாய் நகரத்தில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் ஓரிடத்தில் எடுத்த மாதிரிகளில் அகப்பட்டது, 2016இல் சேதி வெளியானது, ஊர்ப் பெயரையே சேர்த்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்றார்கள். மெல்லிய பெட் தாள் ஒன்றைக் கரைக்க அதற்கு ஆறு வாரம் ஆனது. தொழிற்சாலைக்கு அந்த வேகம் ஆகாது. அப்புறம் இலைதழை மக்கிய உரத்தில் கிடைத்த இன்னொரு என்சைமை எடுத்து, அதில் சில அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, பிரான்சின் துலூஸ் குழு 2020இல் ஒரு முடிவு வெளியிட்டது: 72 டிகிரியில், 10 மணி நேரத்தில், 90 சதவீதம் பெட் உடைந்தது. எங்கள் துறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான் (அந்தச் சூட்டில் பெட்டின் இழைகள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், சாதாரண என்சைமோ அதற்குள் வெந்து போயிருக்கும்).

ஆனால் அவர்கள் ரியாக்டரில் போட்டது பாட்டிலை அப்படியே நறுக்கிய துண்டு இல்லை. உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடியாக்கிப் போட்டார்கள். பாட்டிலை அச்சில் ஊதிச் செய்யும்போது பிளாஸ்டிக் இழுபட்டு உள்ளே படிகமாக அடுக்கிக்கொள்கிறது, அந்த அடுக்குக்குள் என்சைமால் நுழைய முடிவதில்லை. கழுத்துப் பகுதி மட்டும் இழுபடுவதில்லை. அதனால் உருக்காத துண்டுகளைப் போட்டுப் பார்த்தால் கழுத்துத் துண்டு கரைந்திருக்கும், வயிற்றுத் துண்டு போட்டபடியே கிடக்கும். ஆக, என்சைம் வேலையைத் தொடங்கும் முன்பே உருக்குவதற்கும் அரைப்பதற்கும் கரண்ட் பில் ஏறிவிடுகிறது.

சரி, அது கூடப் பரவாயில்லை. என்னை உண்மையில் படுத்துவது உப்பு.

பெட் உடைந்தால் அதன் மூலப்பொருள்களான டெரிஃப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் வரும். அமிலம் சேரச்சேர என்சைம் சுணங்கும், எனவே காஸ்டிக் சோடாவை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அந்த அமிலத்தைத் தூளாக வெளியே எடுக்க சல்ஃப்யூரிக் அமிலம் ஊற்ற வேண்டும். காஸ்டிக்கும் சல்ஃப்யூரிக்கும் சேர்ந்தால் சோடியம் சல்ஃபேட் என்ற உப்பு. கணக்கு பிளஸ் டூ கணக்குதான்: ஒரு டன் பெட்டை முழுதாக உடைக்க 417 கிலோ காஸ்டிக், 510 கிலோ சல்ஃப்யூரிக், வெளியே வருவது ஏறக்குறைய 865 கிலோ டெரிஃப்தாலிக் அமிலம், கூடவே 740 கிலோ உப்பு. எங்கள் ஆபரேட்டர் கிருஷ்ணகிரிப் பையன், முதல் பெரிய பேட்ச் முடிந்ததும் "இதை எங்கண்ணா கொட்டுறது?" என்று கேட்டான். எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

நான் திருப்பூர்ப் பக்கம். இதே சோடியம் சல்ஃபேட்டைத்தான் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் "அந்த உப்பை டிடர்ஜென்ட் கம்பெனிக்கு வித்துடலாம்" என்று மாடியில் யாராவது லேசாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க அத்தனை தண்ணீரையும் காய்ச்சி ஆவியாக்க வேண்டும், அந்தச் செலவுக்கு விற்கும் விலை எங்கே கட்டும்?

மாடியிலும் கீழேயும் நல்ல என்சைம் என்றால் ஒரே பொருள் இல்லை. அவர்களுக்கு வேகம். எனக்கோ, கொஞ்சம் மெதுவாகப் போனாலும் அமிலத்தைத் தாங்கினால் போதும், காஸ்டிக் மிச்சம். ஆனால் அப்படி ஒரு முடிவை எந்தப் பத்திரிகை அட்டையில் போடும்?

அதனால்தான் 2025இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையை ஆசையாகப் படித்தேன். அதன் கவனம் என்சைமைச் சுற்றி நடக்கும் வேலையில். காஸ்டிக்குக்குப் பதில் அம்மோனியா விடுகிறார்கள். கிடைக்கும் அம்மோனியம் உப்பைச் சூடாக்கினால் அம்மோனியா பிரிந்து வருகிறது, டெரிஃப்தாலிக் அமிலம் மிஞ்சுகிறது; அந்த அம்மோனியாவையே திரும்ப விடலாம். அமிலமும் காரமும் வாங்க வேண்டிய தேவை 99 சதவீதத்துக்கு மேல் குறையும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஷெட்டில் அம்மோனியா வைக்க அனுமதி வாங்குவது தனிப் பாடு, பக்கத்து ஷெட்காரர் இப்போதே வாசனை என்கிறார்.

இன்னொன்று. பெங்களூர் நாயண்டஹள்ளிப் பக்கம் காயலாங்கடைகளில் விசாரித்தால், கண்ணாடி போலத் தெளிவான பாட்டிலுக்கு எப்போதும் கிராக்கிதான், கழுவி உருக்கி மறுபடி விற்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த பாட்டிலுக்கு எங்கள் என்சைம் தேவையே இல்லை என்பது என் கட்சி. யாரும் சீண்டாதது பாலியஸ்டர் துணி. அதுவும் பெட்தான், ஆனால் படிகம் கூடுதல், சாயம் வேறு, பாதிக்குப் பாதி பருத்தி கலந்தது. மாடியில் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பருத்தியைக் கரைக்க செல்லுலேஸ் என்ற இன்னொரு என்சைம் தயார் செய்து தந்திருக்கிறார்கள். பழைய பள்ளிச் சீருடைகள் மூட்டையாக வந்து இறங்கிவிட்டன. பட்டனும் ஜிப்பும் வெட்டி எடுக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.